சொப்ரானோஸின் ‘காலேஜ்’: ஒரே ஓர் எபிசோடை முழுசாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஓர் அப்பா, கல்லூரியில் சேரப்போகும் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மெய்ன் மாநிலத்துக்குப் போகிறார். பேட்ஸ், கோல்பி, போடன் என்று மூன்று கல்லூரிகளைப் பார்ப்பதாகத் திட்டம். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒருவன் கண்ணில் படுகிறான். பல வருடங்களுக்கு முன் தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்து அப்ரூவர் ஆனவன் அவன். மகள் கல்லூரி நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அப்பா போய் அவனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு, மகளை அழைத்துப் போகத் திரும்பி வருகிறார்.

மாஃபியா குடும்பம் ஒன்றைப் பற்றிய அமெரிக்கத் தொடரான ‘தி சொப்ரானோஸ்’ஸின் ஐந்தாவது எபிசோடின் கதை இதுதான். பெயர் ‘காலேஜ்’. எச்பிஓ சேனலில் 1999 பிப்ரவரி 7 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர்கள் ஜேம்ஸ் மானோஸ் ஜூனியரும் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸும். இயக்கியவர் ஆலன் கோல்ட்டர். அந்த வருடம் நாடகத் தொடருக்கான சிறந்த எழுத்துக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி இதற்குத்தான் கிடைத்தது.

இந்த எபிசோடை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல்முறை பார்த்தபோது கொலை மட்டும்தான் மனதில் நின்றது. அதைச் சுற்றி எத்தனை பேர் எத்தனை பேரிடம் பாதி உண்மை சொல்கிறார்கள் என்பது பிறகுதான் பிடிபட்டது. அந்த இரண்டாவது பார்வையை உங்களுக்குச் சீக்கிரம் கொடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். கதை முழுவதும் இங்கே வெளிப்பட்டுவிடும். இன்னும் பார்க்காதவர்கள் கீழே இரண்டாம் படியோடு நிறுத்திவிட்டு, எபிசோடைப் பார்த்த பிறகு மீதியைப் படியுங்கள்.

முதல் படி: முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும்

இது தனிக்கதைபோல நிற்கும் எபிசோட்தான். ஆனாலும் முதல் நான்கையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. அவ்வளவு நேரம் இல்லையென்றால் முதல் எபிசோடையும் நான்காவதையும் மட்டுமாவது பாருங்கள்.

முதல் எபிசோடில் அந்த அப்பா, டோனி சொப்ரானோ, மயங்கி விழுகிறார். அவர் வீட்டு நீச்சல் குளத்தில் வந்து தங்கியிருந்த வாத்துக் குடும்பம் பறந்துபோன அதிர்ச்சி அது. அதனால் ஜெனிஃபர் மெல்ஃபி என்ற மனநல மருத்துவரிடம் போக ஆரம்பிக்கிறார். மாஃபியா ஆள் மருத்துவரிடம் மனம் திறந்து பேசுகிறான் என்று வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் போவதை மனைவி கார்மெலாவிடம் டோனி சொல்லிவிடுகிறார். அந்த மருத்துவர் ஒரு பெண் என்பதை மட்டும் சொல்லவில்லை. இந்தச் சின்ன மறைப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் காட்சியே அதன்மேல்தான் நிற்கிறது.

நான்காவது எபிசோடில் மகன் ஏ.ஜே.வுக்கு அப்பாவின் தொழில் என்ன என்று தெரியவருகிறது. தெரியவைப்பவள் அக்கா மெடோ, கல்லூரி பார்க்கப் போகும் அந்த மகள். ஆகவே ஐந்தாவதில் நீங்கள் மாஃபியாவில் இருக்கிறீர்களா என்று அவள் அப்பாவிடம் கேட்கும் கேள்வி தெரியாதவள் கேட்பது இல்லை. தனக்குத் தெரிந்ததை அப்பா வாயால் கேட்க விரும்புகிறாள்.

இடையில் மூன்றாவது எபிசோடில் ஒரு சின்ன விஷயம் உண்டு. பரீட்சைக்கு விழித்திருந்து படிப்பதற்காக மெடோ ஊக்க மாத்திரை தேடி அலைகிறாள். அதைக் கொண்டுவந்து கொடுப்பது டோனியின் வலதுகை போன்ற கிறிஸ்டோபர். இதற்கு நான்காம் படியில் திரும்ப வருவோம்.

இரண்டாம் படி: ஒருமுறை நிறுத்தாமல் பாருங்கள்

குறிப்பெடுக்காதீர்கள், ஃபோனைத் தள்ளி வையுங்கள். எச்பிஓவில் விளம்பர இடைவேளை கிடையாது. மற்ற சேனல்களின் தொடர்களில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு திருப்பத்தை வைத்து நிறுத்த வேண்டியிருக்கும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லாததால் கதை தன் வேகத்தில் நகர்கிறது. நீங்களே நடுவில் நிறுத்தினால் அந்த வேகம் கெட்டுவிடும். கழுத்தை நெரிக்கும் காட்சி கடுமையானது. பிள்ளைகள் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தாளை இரண்டாக மடியுங்கள்

இரண்டாவது முறை பார்க்கும்போது ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் மெய்ன், வலப்பக்கம் வீடு. ஒவ்வொரு காட்சிக்கும் உரிய பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

உடனே ஒன்று தெரியும். எபிசோட் முழுவதும் இந்த இரண்டு தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. டோனியின் கூட்டாளிகள், கிளப், இறைச்சிக் கடை, மாமா ஜூனியர், அம்மா லிவியா என்று வாராவாரம் நாம் பார்த்துவந்த உலகம் ஒதுங்கி நிற்கிறது. கிறிஸ்டோபர் மட்டும் ஃபோன் வழியாக உள்ளே வருகிறார். ஒரு மாஃபியா தொடர் ஐந்தாவது வாரத்திலேயே தன் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அப்பா, மகள், மனைவி, பாதிரியார் என்று நான்கு பேரை மட்டும் நம்பி இறங்குவது சாதாரணத் துணிச்சல் இல்லை.

வலப்பக்கத்தில் கார்மெலா காய்ச்சலோடு வீட்டில் தனியாக இருக்கிறாள். பங்குத்தந்தை ஃபாதர் ஃபில் வருகிறார். சாப்பிடுகிறார்கள். 1993-இல் வந்த ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். எசமானுக்கு உண்மையாக இருப்பதே வாழ்க்கை என்று இருந்து, காதலைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்ட ஒரு பட்லரின் கதை அது. அந்த எசமான் செய்த தவறுகளைக் கண்டும் காணாமல் இருந்தவன் அவன். அதைப் பார்த்துக் கார்மெலா ஏன் உடைகிறாள் என்று யோசியுங்கள். அவளும் அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறாள்.

இப்போது தாளில் வெட்டுகளைக் கவனியுங்கள். மகளும் அப்பாவும் மனம் விட்டுப் பேசும் இரவுதான் மனைவியும் பாதிரியாரும் மனம் விட்டுப் பேசும் இரவு. ஓரிடத்தில் சாப்பாடு நடந்தால் இன்னோரிடத்திலும் நடக்கிறது. அங்கே ஒரு தடை மீறப்படுமோ என்ற பதைப்பு இருக்கும்போது இங்கேயும் இருக்கிறது. இரண்டு கதைகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, ஆனால் இரண்டையும் எடிட்டிங் ஒரே தராசில் வைத்துவிடுகிறது.

நான்காம் படி: யார் யாரிடம் என்ன ஒப்புக்கொள்கிறார்கள்?

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தாளைத் திருப்பி, ஒவ்வொரு ஒப்புதலையும் எழுதுங்கள். சொன்னவர், கேட்டவர், சொன்னது. பிறகு சொல்லாமல் விட்டது என்று ஒரு பத்தி. கடைசிப் பத்தியை நிரப்பும்போதுதான் எபிசோட் திறக்கும்.

காரில் ஆரம்பிக்கலாம். நீங்கள் மாஃபியாவில் இருக்கிறீர்களா என்று மெடோ கேட்கிறாள். டோனியின் முதல் பதில் அப்பட்டமான மறுப்பு. மாஃபியா என்று ஒன்றே கிடையாது என்கிறார். மெடோ சிறுவயதில் நடந்ததைச் சொல்லிக் காட்டுகிறாள். ஈஸ்டர் முட்டை தேடி விளையாடும்போது வேறெந்த வீட்டுப் பிள்ளைக்காவது 50,000 டாலர் தங்க நாணயமும் ஒரு துப்பாக்கியும் அகப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறாள். டோனி கொஞ்சம் இறங்கி வருகிறார். என் பணத்தில் ஒரு பகுதி சட்டவிரோதச் சூதாட்டம் போன்றவற்றிலிருந்து வருகிறது என்கிறார். மெடோ நெகிழ்ந்துபோகிறாள். அந்த முகத்தில் தெரியும் நிம்மதியைப் பாருங்கள். ஓர் அப்பா முதல்முறையாகத் தன்னைப் பெரியவளாக மதித்துப் பேசிவிட்டார் என்ற சந்தோஷம் அது.

விட்டது என்ன? சூதாட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் எல்லாமும். கொடுத்த உண்மை பொய் இல்லை. ஆனால் மிச்சத்தை மூடுவதற்காகவே அது கொடுக்கப்படுகிறது. எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்த ஒரு காட்சியை மட்டும் பத்துமுறை பார்க்கலாம். ஒரு பாத்திரத்தை முழுப் பொய் சொல்லவைப்பது சுலபம். பாதி உண்மையைச் சொல்லவைத்து, கேட்பவர் கண்ணில் அன்பையும் வரவைத்து, பார்க்கும் நம் வயிற்றைக் கலக்குவது மிகக் கடினம்.

அடுத்து மெடோவின் முறை. ஊக்க மாத்திரை சாப்பிட்டதை அவளும் ஒப்புக்கொள்கிறாள். டோனி கொதிக்கிறார். யார் கொடுத்தது என்று கேட்டும் அவள் சொல்வதில்லை. இங்கே மூன்றாவது எபிசோடை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கொடுத்தது கிறிஸ்டோபர். அதே கிறிஸ்டோபரை அழைத்துத்தான் டோனி ஒவ்வொரு ஃபோன் பூத்திலிருந்தும், காட்டிக்கொடுத்தவனைப் பற்றி விசாரிக்கிறார். விசுவாசத்தின் பேரில் ஒருவனைக் கொல்லத் துடிக்கும் மனிதருக்கு, ஃபோனின் மறுமுனையில் இருக்கும் நம்பிக்கையான ஆளே தன் மகளுக்கு மாத்திரை கொடுத்தவன் என்று தெரியாது. எபிசோட் இதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை. மகள் காட்டிக்கொடுக்க மறுத்துவிடுகிறாள் என்பதோடு நிற்கிறது. அப்பாவின் கூட்டத்து விதியை அவள் தானாகவே கடைப்பிடித்துவிட்டாள் என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகும்.

வலப்பக்கத்தில்தான் முறைப்படியான பாவசங்கீர்த்தனம், அதாவது பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் சடங்கு. கார்மெலாவாக நடித்த ஈடி ஃபால்கோ அந்த வருடம் சிறந்த நடிகைக்கான எம்மி வாங்கினார். அதற்கு இந்த ஒரு காட்சி போதும். சரியானதை விட்டுவிட்டுச் சுலபமானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்கிறாள். தீமையை வீட்டுக்குள் விட்டுவிட்டேன், பிள்ளைகளை அதில் பங்காளிகளாக்கிவிட்டேன் என்கிறாள். ஏன் என்றும் அவளே சொல்கிறாள். நல்ல பள்ளி, இந்த வீடு, கையில் பணம். கணவன் பயங்கரமான காரியங்கள் செய்திருப்பான் என்று தனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறாள். எபிசோடில் பேசப்படும் மிக நேர்மையான வார்த்தைகள் இவைதான்.

ஆனால் கேட்பவர் யார்? பாதிரியார் நல்லவர்தான், கெட்ட எண்ணத்தோடு வந்தவர் இல்லை. எனினும் அவளுடைய சமையலையும் துணையையும் அந்த வீட்டின் சுகத்தையும் விரும்பி வருகிறவர். அவளைக் கேட்டுவிட்டு அவர் கொடுக்கும் தீர்வு, மனம் திரும்பு, கணவன் நல்லவனாக உதவு என்பதுதான். எழுந்து வெளியே போ என்று அவர் சொல்வதில்லை. வீட்டு வரவேற்பறையிலேயே நற்கருணை கொடுக்கிறார். அந்தக் காட்சியின் ஒளியையும் நெருக்கத்தையும் கவனியுங்கள். புனிதச் சடங்கு, காதல் காட்சிபோலப் படமாக்கப்பட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இருவரும் முத்தத்தின் விளிம்புவரை வந்துவிட, குடித்தது ஒத்துக்கொள்ளாமல் அவர் வாந்தியெடுக்க ஓடுகிறார். அந்த இரவு சோபாவிலேயே தூங்கிவிடுகிறார். நடக்கவில்லை, ஆனால் நடந்ததுபோன்ற குற்ற உணர்வு காலையில் இருவர் முகத்திலும் இருக்கிறது.

கார்மெலா விட்டது என்ன என்ற பத்தியில் நான் எழுதியது: எதையுமே விடவில்லை. டோனி பாதி சொல்லி மகளின் அன்பைப் பெறுகிறார். கார்மெலா முழுவதும் சொல்லியும் அவளுக்கு மாற்றம் கிடைக்கவில்லை, ஓர் இரவின் ஆறுதல் மட்டும் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: கொலைக் காட்சியைத் தனியாக எடுத்துப் பாருங்கள்

காட்டிக்கொடுத்தவன் பெயர் ஃபேபியன் பெட்ருலியோ. இப்போது ஃப்ரெட் பீட்டர்ஸ் என்ற பெயரில் டிராவல் ஏஜென்சி நடத்துகிறான். அமெரிக்காவில் 1970-இல் வந்த திட்டமிட்ட குற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம், இப்படிச் சாட்சி சொல்பவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வழி செய்தது. அவர்களுக்குப் புதுப் பெயரும் புது ஊரும் கொடுத்துக் காப்பது மத்திய அரசின் மார்ஷல் துறை. இத்தாலியக் குற்றக் குடும்பங்களின் மௌன விரதத்தை உடைத்தது இந்த ஏற்பாடுதான். அதனால்தான் அப்ரூவர் என்றாலே டோனிக்கு அவ்வளவு வெறி. கிறிஸ்டோபர் நானே வந்து முடிக்கிறேன் என்கிறார். டோனி விடுவதில்லை, அது தன் கையால் நடக்க வேண்டும்.

இந்தக் காட்சிக்குப் பின்னால் உண்மையில் ஒரு சண்டை நடந்தது. எச்பிஓவின் அதிகாரி கிறிஸ் ஆல்பிரெக்ட், கதாநாயகன் இப்படி ஒரு கொலை செய்தால் பார்வையாளர்கள் வெறுத்துவிடுவார்கள் என்று பயந்தார். அதுவரை தொலைக்காட்சித் தொடரின் நாயகன் தற்காப்புக்காகவோ தவிர்க்க முடியாமலோ கொல்வான். பழி தீர்க்க, தேடிப் போய், அமைதியாகக் கொன்றுவிட்டு வந்ததில்லை. டேவிட் சேஸின் பதில் நேரெதிர். இவன் மாஃபியா தலைவன், காட்டிக்கொடுத்தவனைக் கண்டும் விட்டுவிட்டால்தான் பார்வையாளர் இவனை நம்ப மாட்டார்கள் என்றார். கடைசியில் ஒரு சமரசம். பெட்ருலியோவும் டோனியைக் கொல்ல ஆள் பிடிக்க முயல்வதுபோல ஒரு காட்சி சேர்க்கப்பட்டது.

அந்தச் சேர்க்கையை எனக்குப் பிடிக்காது என்றே ரொம்ப நாள் நினைத்தேன். நாயகன் பக்கம் தராசைச் சாய்ப்பதற்காக வைத்தது அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து வரும் மோட்டல் காட்சியைப் பார்த்தால் எண்ணம் மாறுகிறது. பெட்ருலியோ துப்பாக்கியோடு இருட்டில் நிற்கிறான். டோனி மகளோடு வருகிறார். வயதான ஒரு தம்பதியும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவன் சுடாமல் விலகுகிறான். அவனை நமக்குக் கெட்டவனாகக் காட்டவே சேர்க்கப்பட்ட இழையில், கொல்லக் கை வராமல் போனவன் அவன்தான்.

இனி கொலை. ஒலியை மட்டும் கவனித்து ஒருமுறை பாருங்கள். உணர்ச்சியைத் தூண்டும் பின்னணி இசை இல்லை. காலை வெளிச்சம், திறந்தவெளி. டோனி ஒயரால் கழுத்தை இறுக்குகிறார், அது முடிய நேரமாகிறது. கேமரா இறப்பவனைவிடக் கொல்பவன் முகத்தில் நிலைக்கிறது. அந்த முகத்தை டோனியாக நடித்த ஜேம்ஸ் காண்டோல்ஃபினி எப்படிக் கொண்டுவந்தார் என்று இன்றும் வியக்கிறேன். வெறி, உழைப்பின் சிரமம், கூடவே ஒரு வகைத் திருப்தி. சத்தியம் செய்தாய், அதை மீறினாய் என்று அவர் சொல்கிறார். கார்மெலாவும் முந்தின இரவு தன் மனசாட்சிக்கு முன்னால் அதையேதான் சொன்னாள்.

முடிந்ததும் டோனி மேலே பார்க்கிறார். வானில் பறவைக் கூட்டம் போகிறது. முதல் எபிசோடின் வாத்துகள் நினைவுக்கு வர வேண்டிய இடம். குடும்பம் பறந்துபோய்விடும் என்ற பயத்தில் மயங்கி விழுந்த மனிதர், இப்போது குடும்பத்தின் பெயரைச் சொல்லி ஒருவனைக் கொன்றுவிட்டு அண்ணாந்து நிற்கிறார்.

ஆறாம் படி: கை, காலணி, சுவர்

இது சுருக்கமான படி. கொலைக்குப் பிறகு டோனியின் கையில் ஒயர் அறுத்த காயம், காலணியில் சேறு. மெடோ இரண்டையும் பார்க்கிறாள், கேட்கிறாள். பொய் பதில் வருகிறது. முந்தின நாள் நேர்மையாகப் பேசிய அதே இருக்கைகள்தான். அவள் நம்பினாளா என்பதை நடிகை ஜேமி லின் சிக்லர் முடிவாகக் காட்டுவதில்லை.

பிறகு போடன் கல்லூரியில் டோனி காத்திருக்கிறார். சுவரில் ஒரு வாசகம். அங்கே 1825-இல் பட்டம் பெற்ற எழுத்தாளர் நத்தானியேல் ஹாதோர்னுடையது. தனக்கு ஒரு முகமும் ஊருக்கு ஒரு முகமும் நெடுநாள் காட்டி வருகிறவன், எது தன் உண்மையான முகம் என்று கடைசியில் தானே குழம்பிப்போவான் என்ற பொருள். இத்தனை நேரம் மறைமுகமாகவே பேசிய எபிசோட் இந்த ஓரிடத்தில் கையை நீட்டிக் காட்டிவிடுகிறது. இது கொஞ்சம் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் வாசகத்தைவிட அதைப் படிக்கும் டோனியின் முகம்தான் முக்கியம். அது தன்னைக் குத்துகிறது என்று அவருக்குப் புரிகிறது, புரிந்த மறுகணம் அதை ஒதுக்கிவிடுகிறார்.

ஏழாம் படி: கடைசிக் காட்சியில் வெல்பவர் யார்?

டோனி வீடு திரும்புகிறார். பாதிரியார் இரவு தங்கினார் என்று கார்மெலா சொல்கிறாள். டோனிக்கு இடம் கிடைத்துவிட்டது. கிண்டலும் சந்தேகமுமாகக் குடைகிறார். ஒரு நாள் முன்னால் மனிதனைக் கொன்றவர், மனைவியை விசாரிக்கும் நீதிபதி ஆகிவிடுகிறார்.

கார்மெலா கொஞ்சம் பொறுத்துவிட்டு, உங்கள் மருத்துவர் ஃபோன் செய்தார் என்கிறாள். ஜெனிஃபர் என்று பெயரையும் சொல்கிறாள். அவ்வளவுதான், தராசு கவிழ்ந்துவிட்டது. டோனி தடுமாறுகிறார், வெறும் சிகிச்சைதான் என்று விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார்.

இந்த இடத்தில் நிறுத்தி உங்கள் தாளைப் பாருங்கள். கொலை கண்டுபிடிக்கப்படவில்லை. தண்டனை இல்லை. இந்த இரண்டு நாளில் டோனி மாட்டிக்கொள்வது ஒரே ஒரு விஷயத்தில். அதில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மருத்துவரோடு தகாத உறவு எதுவும் இல்லை. கார்மெலாவுக்கும் பாதிரியாரோடு எதுவும் நடக்கவில்லை. நடக்காத இரண்டு துரோகங்களுக்காக இருவரும் மோதிக்கொள்கிறார்கள், நடந்த ஒரு கொலை அந்த அறையில் பேச்சாகவே வரவில்லை.

எட்டாம் படி: அடுத்து எதைப் பார்ப்பது

வரிசையாகப் பார்ப்பதே சிறந்தது. இந்த எபிசோடின் நூலை மட்டும் பிடித்துக்கொண்டு போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு நிறுத்தங்கள் சொல்கிறேன். முதலாவது, முதல் சீசனின் கடைசி எபிசோடான பதின்மூன்றாவது. அதில் கார்மெலா ஃபாதர் ஃபில்லை நேருக்கு நேர் நிறுத்தி, ஆன்மிகப் பசியில் இருக்கும் பெண்களைச் சுற்றி அவர் எப்படிச் சுகம் காண்கிறார் என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். ‘காலேஜ்’ எபிசோடில் நமக்குத் தோன்றியது அவளுக்கும் தோன்றியிருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது சீசனின் ஏழாவது எபிசோட், ‘செகண்ட் ஒப்பீனியன்’, 2001-இல் வந்தது. கார்மெலா தனியாக ஒரு மனநல மருத்துவரிடம் போகிறாள். பெயர் க்ராகோவர், வயதானவர். பாதிரியாரிடம் அன்று சொன்னதைத்தான் ஏறக்குறைய இவரிடமும் சொல்கிறாள். இவர் ஆறுதல் சொல்வதில்லை. பிள்ளைகளை, அவர்களில் மிச்சமிருப்பதை, அழைத்துக்கொண்டு வெளியேறு என்கிறார். இரத்தக் கறை படிந்த பணம் என்பதால் அவளிடம் கட்டணம் வாங்க மறுக்கிறார். பிறகு, உனக்கு யாரும் சொல்லவில்லை என்று மட்டும் இனி நீ சொல்ல முடியாது என்கிறார்.

அதைக் கேட்டுவிட்டுக் கார்மெலா வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்.